டிரான்ஸ்ஃபார்மருக்கு அந்தப் பக்கம்

ஆடி மாதக் கூழ் ஊர்வலம் தெருமுனை டிரான்ஸ்ஃபார்மரை நெருங்கியதும் வேலம்மாவுக்கு முட்டி வலி வந்துவிடும். வருடா வருடம் வரும். அதுவரை தலையில் கூழ்ப்பானையோடு மேளத்துக்கு முன்னால் விடுவிடுவென்று நடந்து வந்தவள், அந்த இடத்தில் சட்டென்று நிற்பாள். "புடிச்சுக்கிச்சு நைனா. நீ எடுத்துக்கினு போ" என்று பானையை மகன் பிரபுவின் தலைக்கு மாற்றிவிடுவாள். ஊர்வலம் அவளைத் தாண்டிப் போகும். எல்லைக்கல்லில் முதல் கூழை ஊற்றிவிட்டு எல்லோரும் திரும்பும்வரை டிரான்ஸ்ஃபார்மரின் கம்பி வேலி ஓரமாக இந்தப் பக்கமே நிற்பாள்.

"மூணு மாடி ஏறி வூடு பெருக்கசொல்ல வராத முட்டி வலி, ஆத்தாளுக்கு நடக்கசொல்ல மட்டும் வந்துடுது அண்ணிக்கு" என்பார் பூசாரி கன்னியப்பன். அவர் அவளுக்குக் கொழுந்தன் முறை. கேலி செய்ய உரிமை உள்ளவர்.

"உனுக்கு இன்னாப்பா, வருசத்துக்கு ஒரு நாளு நடக்கிற. தெனம் நடந்து பாரு, அப்ப தெரியும்" என்று அவளும் திருப்பிக் கொடுப்பாள். எல்லோரும் சிரிப்பார்கள். அவள் முகம் மட்டும் சிரிப்பு அடங்குமுன்பே கல் இருக்கும் திசைக்குத் திரும்பிவிடும்.

திருவான்மியூரைத் தாண்டிக் கடலோரமாகத் தெற்கே வந்தால் எருக்கம்பாக்கம். இன்று அந்தப் பெயரைச் சொன்னால் ஆட்டோக்காரர்கள், "எந்த அபார்ட்மெண்ட்?" என்றுதான் கேட்கிறார்கள். மாலையில் வெள்ளை ஷூ போட்டுக்கொண்டு கடற்கரைக்கு நடப்பவர்கள், மொட்டை மாடிகளில் கேபிள் டிவிக் குடைகள், உப்புத் தண்ணீருக்குப் பயந்து வாசலில் நிற்கும் தண்ணீர் லாரிகள். வேலம்மா கல்யாணமாகி வந்தபோது இங்கே கேழ்வரகும் வேர்க்கடலையும் விளைந்தன. அதற்கப்பால் சவுக்குத் தோப்பு, மணல்மேடு, கடல். ஊரின் தெற்குக் கோடியில் அவளுடைய வீட்டுக்காரர் ஏகாம்பரத்தின் கேழ்வரகுக் கொல்லை. கொல்லையின் கடைசி வரப்பில் செல்லியம்மனின் எல்லைக்கல். எல்லையை ஒட்டிய கொல்லைக்காரர் என்பதால் முதல் கூழ் அந்த வீட்டுடையது.

அந்த உரிமையோடு ஒரு கட்டுப்பாடும் உண்டு. திருவிழாவுக்கு ஒரு வாரம் முன்பு கோவிலில் பூசாரிக்கும் முதல் கூழ் வீட்டுக்காரருக்கும் மணிக்கட்டில் காப்பு கட்டுவார்கள். மஞ்சள் தோய்த்த கயிறு, ஒரு துண்டு மஞ்சள் கிழங்கு, வேப்பிலை. காப்பு கையில் இருக்கும்வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. தாண்டினால் தாண்டியவரையோ, அவர் வயிற்றில் பிறந்ததையோ அம்மன் கேட்டுவிடுவாள். இதை எருக்கம்பாக்கத்தில் யாரும் விளக்கிச் சொல்வதில்லை. மின்சாரக் கம்பியைத் தொடக் கூடாது என்று யாராவது விளக்குவார்களா?

கொல்லை விற்றுப் போனது. ஏகாம்பரம் கடைசிவரை இழுத்துப் பார்த்தார். சுற்றி இருந்தவர்கள் எல்லோரும் விற்றபிறகு நடுவில் ஒரு கொல்லைக்குத் தண்ணீர் பாய்ச்ச முடியவில்லை. பில்டரின் ஆட்கள் அஸ்திவாரம் தோண்டியபோது எல்லைக்கல்லைப் பெயர்த்து மணல் குவியலின் மேல் போட்டுவிட்டார்கள். ஏகாம்பரம் அதைக் கண்டதும் பதறிப் போனார். அன்று மாலையே இரண்டு கூலி ஆட்களோடு கல்லைத் தூக்கிப் போய், தெற்கே இன்னும் கொஞ்ச தூரம் தள்ளிக் காலியாகக் கிடந்த ஒரு மூலையில் நட்டு, மஞ்சள் பூசி, பொட்டு வைத்துவிட்டார். மேடும் தோப்பும் வரப்பும் மட்டமாகிவிட்ட அந்த வெளியில் எது எங்கே இருந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. கல் ரோட்டோரமாகப் பார்வையாக நிற்பதைப் பார்த்து ஊருக்குச் சந்தோஷம்தான்.

வேலம்மாவுக்கு மட்டும் தெரிந்தது. கொல்லையில் களை எடுத்தவள் அவள். மகள் மணிமொழி கைக்குழந்தையாக இருந்தபோது தூளி கட்டிய பூவரச மரம் இன்னும் அபார்ட்மெண்ட் காம்பவுண்டுக்குள் நிற்கிறது. மரத்திலிருந்து நேராக வரப்பின் மேல் நடந்தால் கல். அந்தக் கல் இருந்த இடத்தில்தான் இப்போது டிரான்ஸ்ஃபார்மர்.

"எடம் மாறிப்போச்சே" என்று அன்று அவள் சொன்னாள்.

"கல்லு நின்னா போதும். நீ வாயைத் தொறக்காத" என்றார் ஏகாம்பரம்.

அடுத்த ஆடியில் அவரே காப்பு கட்டிக்கொண்டு, பானையைச் சுமந்து, டிரான்ஸ்ஃபார்மருக்குக் கம்பம் நட்டிருந்த இடத்தைத் தாண்டிப் போய்க் கல்லில் கூழ் ஊற்றினார். பொங்கலுக்குள் ரத்த வாந்தி எடுத்துச் செத்துப்போனார். ஆஸ்பத்திரியில் ஈரல் கெட்டுவிட்டது என்றார்கள். அவர் சாராயம் குடிப்பவர்தான். சாராயமா அம்மனா என்று வேலம்மாவால் இத்தனை வருடமாகியும் தீர்த்துச் சொல்ல முடியவில்லை. அதற்கடுத்த வருடத்திலிருந்து காப்பு அவள் கைக்கு வந்தது. முட்டி வலியும் வந்தது.

பிழைப்புக்கு அவள் வேறெங்கும் போக வேண்டியிருக்கவில்லை. தன் கொல்லையின் மேல் எழுந்த அந்த அபார்ட்மெண்டிலேயே நான்கு வீடுகளுக்குப் பாத்திரம் தேய்த்தாள். மூன்றாவது மாடியில் டாக்டர் சாருலதா இருந்தார். மயிலாப்பூரில் பிறந்து வளர்ந்தவர். டிரான்ஸ்ஃபார்மரைத் தாண்டிய அடுத்த மனையில் அவருடைய நர்சிங் ஹோம். மணிமொழி கர்ப்பமானதும் அவரிடம்தான் காட்டினார்கள். டாக்டர் காசு வாங்குவதில்லை. வேலம்மாவும் அங்கே மகளோடு போனதுண்டு. காப்பு கட்டாத நாட்களில் அவளுக்கு எந்தப் பக்கமும் ஒன்றுதான்.

மணிமொழியை ஆதம்பாக்கத்தில் வேலுவுக்குக் கொடுத்திருந்தது. ஆட்டோ ஓட்டுபவன். வளைகாப்பு முடிந்த கையோடு மகளைத் தாய் வீட்டுக்கு அழைத்து வந்திருக்க வேண்டும். வேலம்மா தள்ளிப்போட்டாள். காப்பு கட்டிய வீட்டில் ஒரு வாரம் தாளிக்கக் கூடாது, எண்ணெய்ச் சட்டி வைக்கக் கூடாது, பிள்ளைத்தாய்ச்சி எதைத் தின்பாள்? "கூழு ஊத்தி முடிச்சதும் மறுநாளே வந்து இட்டுக்கினு போறேன் கண்ணு" என்று சொல்லிவிட்டு வந்தாள். நாள் இன்னும் இருக்கிறது என்றுதான் டாக்டரும் சொல்லியிருந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஊர்வலம் அபார்ட்மெண்ட் கேட்டைக் கடந்து வந்துகொண்டிருந்தது. பால்கனிகளில் நின்றவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். ஒருவர் வீடியோ எடுத்தார். வேலம்மா டிரான்ஸ்ஃபார்மருக்கு முன்னால் நின்று பானையைப் பிரபுவின் தலைக்கு மாற்றினாள். அவன் சும்மாட்டைச் சரிசெய்துகொண்டிருக்கும்போதே நர்சிங் ஹோம் வாசலிலிருந்து வேலு ஓடி வந்தான். சட்டைப் பொத்தான் ஒன்றுகூடச் சரியாக இல்லை.

"அத்தே! மணியை இட்டாந்து டாக்டரம்மாகிட்ட சேத்துட்டேன். காலைலேர்ந்து வலி. கொடி கழுத்துல சுத்திக்கினு கீதாம். ஆப்பரேசன் பண்ணணுமாம், உடனே. இவ ஒத்துக்க மாட்டேன்றா."

"இன்னாடா சொல்ற? ஏன் ஒத்துக்க மாட்டேன்றா?"

"எங்க தெருவுல போன மாசம் ஒரு பொண்ணு ஆப்பரேசன்னு போயி திரும்பி வரல இல்ல, அதையே சொல்லிகினு கீறா. எங்கம்மா வரட்டும், எங்கம்மா மூஞ்சியப் பாக்காம யாரும் என் மேல கைய வெக்கக் கூடாதுன்னு கட்டிலைப் புடிச்சுக்கினு கத்துறா. ஜல்தி வா அத்தே."

மேளம் நின்றுவிட்டது. கன்னியப்பன் முதலில் பேசினார். "போ அண்ணி, போய்ப் பாரு. கல்லு அதுக்கும் அப்பால கீது. எல்லைக்குள்ளதான ஆஸ்பத்திரி? ஒண்ணும் தப்பு இல்ல, போ."

வேலம்மா நகரவில்லை. நர்சிங் ஹோம் வாசல் அவளுக்கு எதிரிலேயே இருந்தது. நாலு எட்டு வைத்தால் படி. கை வேலிக் கம்பியைப் பற்றியது.

"ம்மா!" என்று பிரபு கத்தினான். தலையில் பானை இருந்ததால் அவனால் திரும்பிக்கூடச் சரியாகப் பார்க்க முடியவில்லை. எல்லைக்குப் போகும் கூழை வழியில் இறக்கவும் கூடாது. "இப்பவுமா முட்டி வலி? நகருமா!"

"அவ கூப்புட்றா அத்தே" என்றான் வேலு.

நர்ஸ் ஆரோக்கியமேரி வெளியே வந்தாள். "பொண்ணோட அம்மா யாரு? இங்க என்ன திருவிழா பார்த்துக்கிட்டு நிக்கிறீங்க? உள்ள குழந்தைக்குத் துடிப்பு இறங்குது!" அவளுக்குப் பின்னாலேயே டாக்டர் சாருலதா பச்சை அங்கியோடு படிக்கு வந்துவிட்டார். அவர் இப்படித் தெருவில் நின்று யாரும் பார்த்ததில்லை.

"வேலம்மா, என்ன பண்ணிண்டிருக்கேள் அங்க? நான் எவ்வளவோ சொல்லிப் பாத்துட்டேன், கைய வைக்க விடமாட்டேங்கறா. ஊசி போடப் போனா தட்டி விட்டுடறா. இனிமே நேரம் கிடையாது."

வேலம்மாவின் மனதில் அந்த நொடியில் இரண்டே இரண்டு விஷயங்கள்தான் இருந்தன. போகாவிட்டால் மகள் பிழைக்க மாட்டாள். போனால், காப்போடு போனால், அம்மன் யாரைக் கேட்பாள்? அவளைக் கேட்டால் பரவாயில்லை. வயிற்றில் பிறந்ததைக் கேட்டால்? அவள் கண் முன்னால் ஏகாம்பரம் பொங்கல் சமயத்தில் பாயில் கிடந்த கோலம் வந்து நின்றது.

கன்னியப்பனின் முன்னால் கையை நீட்டினாள். "அவுத்துடு."

"இன்னாது?"

"காப்பை அவுத்துடுப்பா. அவுத்துட்டு நான் போறேன்."

"உனுக்கு இன்னா பைத்தியமா அண்ணி? கூழு ஊத்தாம பாதியில அவுத்தா ஊருக்கே ஆகாது. அதான் சொல்றேனே, ஆஸ்பத்திரி உள்ள கீது, கல்லு வெளிய..."

"கல்லு அங்க இல்ல" என்றாள் வேலம்மா. சொன்ன பிறகுதான் தான் சொல்லிவிட்டது அவளுக்கே தெரிந்தது. பத்து வருடத்துக்கு மேல் வாய்க்குள்ளேயே கிடந்தது வெளியே விழுந்துவிட்டது. "கல்லு இங்க இருந்துச்சு. இந்த டேன்சுபாரம் நிக்கிற எடத்துல. வூடு கட்டுனவங்க புடுங்கிப் போட்டுட்டாங்க. எங்க வூட்டுக்காரரு எடுத்துப்போய் அங்க நட்டுட்டாரு. எல்லை இதோட சரி."

எல்லோரும் ஒரே சமயத்தில் பேசினார்கள். ஏகாம்பரத்தை ஒருவன் அசிங்கமாகத் திட்டினான். பிரபு பானையோடு அவன் பக்கம் திரும்ப, கூழ் தளும்பி அவன் தோளில் வழிந்தது. "செத்தவனப் பத்திப் பேசுன, இத்த உன் தலையில கவுத்துடுவேன்!" கூட்டத்திலிருந்த பூக்காரி ஒருத்தி, "வருசா வருசம் எல்லைக்கு வெளிய ஊத்திக்கினு இருந்தோமா? அதான் கிணறெல்லாம் உப்பாப் போச்சு" என்று மாரில் அடித்துக்கொண்டாள்.

கன்னியப்பன் தன் மணிக்கட்டைப் பார்த்தார். அங்கேயும் காப்பு. "அப்ப நான்?" என்றார். "இத்தினி வருசமா நான் கல்லு வரைக்கும் போயிகினு இருந்தேனே. காப்போட. நீ பாத்துக்கினு நின்னியா அண்ணி?"

"நீ தெரியாம போன. ஆத்தா அதைக் கணக்குல வெக்க மாட்டா."

"அண்ணன்?"

"அவரு தெரிஞ்சு போனாரு."

கன்னியப்பனின் முகம் செத்துவிட்டது. ஒரு அடி பின்னால் நகர்ந்து, டிரான்ஸ்ஃபார்மர் வேலிக்கு இந்தப் பக்கமாக வந்து நின்றுகொண்டார்.

"நான் அவுக்க மாட்டேன்" என்றார். "இப்ப அவுத்தா அதுவும் என் தலைல விடியும்."

உள்ளேயிருந்து மணிமொழியின் குரல் கேட்டது. அம்மா என்று கூடக் கூப்பிடவில்லை. சின்னப் பிள்ளையில் பூவரச மரத்தில் ஏறி இறங்கத் தெரியாமல் கத்துவாளே, வார்த்தையே இல்லாத ஒரு கத்தல், அது.

வேலம்மா போனாள். கையெடுத்துக் கும்பிடவில்லை, எதையும் வேண்டிக்கொள்ளவில்லை. வேலிக் கம்பியை விட்டாள், நடந்தாள். முட்டி வலிக்காத ஒரு மனுஷி எப்படி நடப்பாளோ அப்படி, ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க நடந்தாள். அந்த நாலு எட்டில் தன் நெஞ்சு நின்றுவிடும் என்று எதிர்பார்த்தாள். நிற்கவில்லை. படி ஏறினாள். டாக்டர் அவளுடைய கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனார்.

மணிமொழி கட்டிலின் இரும்புக் கம்பியைப் பிடித்திருந்தாள். தலைமுடியெல்லாம் வியர்வையில் ஒட்டிக் கிடந்தது. அம்மாவைப் பார்த்ததும் அழவில்லை. முதலில் அவள் கையைத்தான் பார்த்தாள்.

"காப்போட வந்துட்டியாமா?"

"ஆமா. எல்லைக்குள்ளதான கீது ஆஸ்பத்திரி." பொய் அவள் வாயில் அவ்வளவு சுலபமாக வந்தது. ஏகாம்பரத்தின் பொய் இப்படித்தான் வந்திருக்கும் என்று ஒரு நொடி தோன்றியது. "ஆத்தாளும் கூட வந்துகீறா. கம்பிய வுடு கண்ணு. என் கையப் புடி."

"நான் திரும்பி வரலேன்னா?"

"வாயில அடிப்பேன். வுடுடி கம்பிய."

மணிமொழி விட்டாள். ஊசி இறங்கும்போது அம்மாவின் கையை, காப்புக் கயிறோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். பிறகு அந்தப் பிடி தளர்ந்தது. ஆரோக்கியமேரி வேலம்மாவை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினாள்.

கதவுக்கு வெளியே ஒரு பெஞ்சு. வேலு அதில் உட்காராமல் சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றான். வேலம்மா தரையில் உட்கார்ந்தாள். உள்ளே இரும்புத் தட்டில் எதையோ வைக்கும் சத்தம் கேட்கும்போதெல்லாம் காப்புக் கயிற்றைத் திருகினாள். கயிற்றைப் பல்லால் கடித்து அறுத்துவிடலாமா என்று நினைத்தாள். அறுத்து என்ன? தாண்டியாகிவிட்டது. இனி இது கையில் இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். ஆத்தா, என்னை எடுத்துக்கோ என்று சொல்லவும் பயமாக இருந்தது. பேச்சுக் கொடுத்தால் தன்னைக் கவனித்துவிடுவாளோ என்று, கடன்காரன் வந்த வீட்டில் மூச்சுவிடாமல் இருப்பதுபோல் இருந்தாள்.

குழந்தை உடனே அழவில்லை. கதவுக்குப் பின்னால் யாரோ ஓடினார்கள். டாக்டரின் குரல் அதட்டியது. அப்புறம் ஒரு சின்ன இருமல்போல் ஏதோ கேட்டது. பிறகு அழுகை. வேலு சுவரோடு சரிந்து உட்கார்ந்துவிட்டான்.

சாருலதா வெளியே வந்தபோது முகக்கவசம் கழுத்தில் தொங்கியது. "பொண்ணு. ரெண்டு பேரும் இருக்கா. குழந்தைக்கு மூச்சு கொஞ்சம் சிரமமாத்தான் இருக்கு, நாளைக்கு வரைக்கும் பாத்துண்டே இருக்கணும். மணி கண் முழிச்சதும் உங்களைத்தான் தேடுவா. நீங்க எங்கயும் போயிடாதேள்."

"எங்க போறது டாக்டரம்மா" என்றாள் வேலம்மா.

குழந்தையை மணிமொழியின் பக்கத்துத் தொட்டிலில் விட்டிருந்தார்கள். வேலம்மா தூக்கவில்லை. காப்புக் கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு, குழந்தையின் நெஞ்சு ஏறி இறங்குவதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜன்னலுக்கு வெளியே ஊர்வலம் இன்னும் கலையவில்லை. டிரான்ஸ்ஃபார்மருக்கு அந்தப் பக்கம் வெயிலில் மொத்தமாக நின்றது. பிரபு பானையை இன்னும் இறக்கவில்லை. கழுத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணி!" என்று கன்னியப்பன் கூப்பிட்டார். "அண்ணியோவ்! எல்லாரும் பேசி முடிச்சுட்டோம். இனிமே கூழு இங்கதான், டேன்சுபாரத்துகிட்ட. மொதல் கூழு இனி உங்க வூட்டுக்குக் கெடையாது. எங்க வூட்டுக்காரி கட்டிக்குவா. நீ வந்து அந்தக் காப்பை அவுத்துக் குடுத்துட்டுப் போ. அதுக்கு அப்பாலதான் ஊத்த முடியும்."

வேலம்மா ஜன்னல் கம்பியருகே போனாள். ஏகாம்பரத்துக்கு அவர் அப்பனும், அந்த அப்பனுக்கு அவன் அப்பனும் விட்டுப்போன உரிமை அது. போகட்டும் என்று இருந்தது அவளுக்கு. கொல்லை போனபோதே போயிருக்க வேண்டியது.

"குடுக்கறேன். வந்து அவுத்துக்கினு போ."

"நான் எப்படி வர்றது? எனக்கும் கையில கீதே!"

"இத்தினி வருசமா வந்தியே."

"அப்ப தெரியாது."

"இப்ப நான் தெரிஞ்சு வந்து நிக்கிறேன். உயிரோடதான் கீறேன். என் பேத்தியும் கீது." ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "வேணும்னா வா. என்னால எழுந்து வர முடியாது. பொண்ணு முழிச்சா என்னத் தேடுவா."

கன்னியப்பன் ஒரு காலைத் தூக்கினார். ஊர் மொத்தமும் அந்தக் காலைப் பார்த்தது. டிரான்ஸ்ஃபார்மர் உறுமிக்கொண்டிருந்தது. தூக்கிய காலைத் தூக்கிய இடத்திலேயே வைத்தார்.

"கூழு ஆறிப்போவுது அண்ணி" என்றார், கெஞ்சலாக.

"ஆறித்தான குடிப்பாங்க" என்றாள் வேலம்மா. "நில்லு. டாக்டரம்மா நாளைக்கு வரைக்கும் பாக்கணும்னு சொல்லிகீறாங்க."

பின்னால் மணிமொழி முனகினாள். "யாரும்மா, கூப்புட்றது?"

"யாரும் இல்ல கண்ணு. தூங்கு."

ஜன்னலின் ஒரு கதவைச் சாத்திவிட்டு, தொட்டிலுக்குத் திரும்பினாள். குழந்தையின் மூச்சு சட்டென்று நின்றதுபோல் இருந்தது. குனிந்தாள். இல்லை, இருக்கிறது. முந்தானைக்குள் இருந்த கையை வெளியே எடுத்து, காப்போடு அப்படியே, அந்தச் சின்ன நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.